காலி நாற்காலி இலக்கணம்

நாற்காலி இருவகைப்படும்: ஆள் உள்ளது, ஆள் இல்லாதது. ஆள் இல்லாதது மேலும் இருவகைப்படும்: மெய்யாகவே காலியானது, காலியாகத் தோற்றமளிப்பது. அமெரிக்க செனட்டில் மெய்யாகவே காலியான நாற்காலி மிக அரிது என்பதே இவ்வாராய்ச்சியின் துணிபு.

நுதலிய பொருள் யாதெனின், செனட்டர் ஒருவர் இறந்தாலோ, விலகினாலோ, இன்னும் பெரிய பதவிக்குப் போனாலோ அவர் இடத்தில் மாநில ஆளுநர் தற்காலிகமாக ஒருவரை அமர்த்தும் வழக்கம். ஆளுநர் என்றதும் வாசகர் ராஜ்பவனை நினைத்துக்கொள்ளக் கூடாது. அந்த ஊர் ஆளுநர் வீடுவீடாகப் போய் ஓட்டுக் கேட்டு ஜெயித்து வருபவர். நம் முதலமைச்சருக்கு நிகரானவர். ஆகவே அவருக்குக் கட்சியும் உண்டு, பகையும் உண்டு, அடுத்த தேர்தலும் உண்டு. இம்மூன்றும் பின்னால் பயன்படும்.

இவ்வழக்கத்தின் இன்றைய வடிவத்துக்கு மூலம் 1913-ல் ஏற்கப்பட்ட 17-வது அரசியலமைப்புத் திருத்தம். அதற்கு முன் செனட்டர்களை மாநிலச் சட்டமன்றங்களே தேர்ந்தெடுத்தன, அல்லது தேர்ந்தெடுக்காமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. சண்டை முற்றியதில் டெலவேர் மாநிலத்துக்கு 1901 முதல் 1903 வரை ஒரு செனட்டர்கூட இல்லை. திருத்தம் வந்து தேர்ந்தெடுக்கும் உரிமையை மக்கள் கையில் கொடுத்தது. கொடுத்த கையோடு ஒரு புறனடையும் வைத்தது: சட்டமன்றம் அனுமதித்தால், மக்கள் தேர்தல் மூலம் இடத்தை நிரப்பும்வரை ஆளுநர் தற்காலிக நியமனம் செய்யலாம். விதியைவிடப் புறனடைக்கே உரை அதிகம் தேவைப்படும் என்பது இலக்கணம் படித்தவர்கள் அறிந்ததே.

நியமனம் பெற்றவர்களைத் திறமையால் வகுப்பாரும் உளர். கட்சியால் வகுப்பாரும் உளர். இரண்டும் பொருந்தா. திறமையால் வகுத்தால் பல பெட்டிகள் காலியாகவே கிடக்கும். கட்சியால் வகுத்தால் எல்லாரும் ஒரே பெட்டியில் விழுவார்கள். உட்கார்ந்தவரை விட்டுவிட்டு, உட்கார வைத்தவர் அந்நேரம் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதைக் கொண்டு வகுப்பதே நேரிது.

முதலாவது, துண்டு வகை. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்போமே, அந்தத் துண்டு. உட்காரப்போகிறவர் வேறு. இவ்வகையின் தாயகம் மாசசூசெட்ஸ்.

1960-ல் ஜான் கென்னடி அதிபர் தேர்தலில் வென்று செனட் இடத்தை விட்டார். தம்பி டெட் கென்னடிக்கு அப்போது வயது 28. செனட்டருக்கு 30 ஆக வேண்டும் என்கிறது அரசியலமைப்பு. பதவி முடிந்து போய்க்கொண்டிருந்த ஆளுநர் ஃபாஸ்டர் ஃபர்கோலோ, அந்த டிசம்பரில் பெஞ்சமின் ஸ்மித் என்பவரை நியமித்தார். ஸ்மித் அதிபருடன் ஹார்வர்டில் ஒரே அறையில் தங்கிப் படித்தவர். தம்பிக்கு 1962 பிப்ரவரியில் 30 நிறைந்தது. நவம்பர் தேர்தலில் அவர் நின்று வென்றார். ஸ்மித் நிற்கவே இல்லை. துண்டு என்றால் இப்படி இருக்க வேண்டும்: ஈரமில்லை, முணுமுணுப்பில்லை.

அதே நாற்காலியில் டெட் கென்னடி ஏறத்தாழ 47 ஆண்டுகள் இருந்தார். இடையில் 2004-ல் ஒரு சங்கடம். மாநிலத்தின் இன்னொரு செனட்டர் ஜான் கெர்ரி அதிபர் தேர்தலில் நின்றார். அவர் ஜெயித்தால் இடம் காலியாகும்; அதை நிரப்பப்போகிறவர் குடியரசுக் கட்சி ஆளுநர் மிட் ராம்னி. சட்டமன்றமோ ஜனநாயகக் கட்சியின் கையில். உடனே அங்கே ஒரு ஞானோதயம் பிறந்தது. மக்களின் பிரதிநிதியைத் தனியொருவர் நியமிப்பது தகாது, தேர்தலே முறை என்று சட்டத்தைத் திருத்தினார்கள். ராம்னியின் மறுப்பாணையையும் மீறி நிறைவேற்றினார்கள். கெர்ரி தோற்றார்; ஞானம் மட்டும் சட்டப்புத்தகத்தில் தங்கிவிட்டது.

2009-ல் டெட் கென்னடி மூளைப் புற்றுநோயால் மரணப்படுக்கையில் இருந்தார். மருத்துவக் காப்பீட்டு மசோதாவுக்கு செனட்டில் 60 ஓட்டு வேண்டும், ஒன்று குறைந்தாலும் காரியம் கெடும். இப்போது ஆளுநர் டெவல் பேட்ரிக், சொந்தக் கட்சிக்காரர். தேர்தல் வரை மாநிலத்தின் குரல் ஒலிக்காமல் போகக் கூடாது, ஆகவே இடைக்கால நியமனத்துக்கு வழி செய்யுங்கள் என்று கென்னடி கடிதம் எழுதினார். ஆகஸ்டில் அவர் இறந்தார். செப்டம்பரில் அதே சட்டமன்றம் சட்டத்தைத் திருப்பிப் போட்டது. பால் கிர்க் நியமனமானார். தேர்தலில் நிற்கமாட்டேன் என்று சொல்லித்தான் வந்தார், சொன்னபடியே நடந்தார். டிசம்பர் 24 அன்று மசோதா 60-க்கு 39 என்று நிறைவேறியது, அறுபதில் ஒன்று அவருடையது. நியமனம்தான் தற்காலிகம். அந்த ஓட்டால் வந்த சட்டம் இன்றும் இருக்கிறது.

இங்கே ஒரு தடை. 2004-ல் சொன்னது சரியா, 2009-ல் சொன்னது சரியா என வினவின், இரண்டும் சரியே. தேர்தல் இல்லாமல் ஒருவர் சட்டமியற்றுவது பிழை என்பதும் உண்மை. ஐந்து மாதம் ஒரு மாநிலம் பாதிப் பிரதிநிதித்துவத்தோடு நிற்பது பிழை என்பதும் உண்மை. எந்த உண்மை எந்த ஆண்டில் நினைவுக்கு வருகிறது என்பதில்தான் சூட்சுமம். அடுத்த ஜனவரித் தேர்தலில் குடியரசுக் கட்சியின் ஸ்காட் பிரவுன் அந்த நாற்காலியை வென்றது இலக்கணத்துக்கு அப்பாற்பட்டது.

இரண்டாவது, தன்வினை வகை. ஆளுநரே செனட்டுக்குப் போக ஆசைப்படுவது. தம்மைத் தாமே நியமித்துக்கொண்டால் பார்க்க நன்றாயிராது. ஆகவே பதவி விலகுவார். துணை ஆளுநர் ஆளுநராவார். புதியவர் பழையவரை நியமிப்பார். வினை தன்வினை, உருவம் பிறவினை. 1939-ல் கெண்டக்கியில் ஹாப்பி சாண்ட்லர் இப்படிப் போய், பிறகு தேர்தலிலும் வென்றார். அது விதிவிலக்கு. மின்னசோட்டாவில் வெண்டல் ஆண்டர்சன் செய்ததே இவ்வகைக்குத் தக்க சான்று. வால்டர் மாண்டேல் துணை அதிபரானதால் 1976 கடைசியில் காலியான இடத்துக்கு, பதவி விலகித் தம் வாரிசு ரூடி பெர்பிச் கையால் நியமனம் பெற்றார். 1978-ல் இன்னொரு செனட்டர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி இறந்தார். பெர்பிச் அவர் மனைவி மியூரியலை நியமித்தார். ஆக அந்த மாநிலத்தின் ஆளுநர், இரண்டு செனட்டர்கள் ஆகிய மூவரில் ஒருவரைக்கூட மக்கள் அந்தந்தப் பதவிக்குத் தேர்ந்தெடுக்கவில்லை. நவம்பரில் மூன்று பதவிகளையும் எதிர்க்கட்சி அள்ளிக்கொண்டது. வாக்காளர் இலக்கணம் படிக்காதவர். ஆனாலும் தன்வினையை அடையாளம் கண்டுவிடுகிறார்.

மூன்றாவது, குடும்ப வகை. இது மனைவி, கைம்பெண், மகள் என விரியும். மனைவிக்கு அலபாமாவின் டிக்சி கிரேவ்ஸ் (1937), லூசியானாவின் எலைன் எட்வர்ட்ஸ் (1972). இருவரையும் நியமித்தவர்கள் ஆளுநர்களான அவரவர் கணவர்கள். கைம்பெண்ணில் ஆர்கன்சாவின் ஹாட்டி கேரவேயைச் சொல்ல வேண்டும்: 1931-ல் கணவர் இடத்துக்கு நியமனமானார், அடுத்த ஆண்டு தேர்தலில் நின்று செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் ஆனார். துண்டு என நினைத்துப் போட்டது எழுந்து உட்கார்ந்துகொண்டது. மகளுக்கு ஒரே சான்று போதும். 2002-ல் செனட்டிலிருந்து அலாஸ்கா ஆளுநராகப் போன ஃபிராங்க் மர்கவ்ஸ்கி, தாம் விட்டுவந்த இடத்துக்குப் பலரைப் பரிசீலித்து, கடைசியில் தம் மகள் லிசாவைக் கண்டடைந்தார். பரிசீலனையில் கழிந்தவர்களுள் சேரா பேலின் ஒருவர். 2004-ல் அலாஸ்கா மக்கள் நேரடி வாக்கெடுப்பில் இந்த நியமன அதிகாரத்துக்குக் கடிவாளம் போட்டார்கள். 2006-ல் பேலின் ஃபிராங்கை உட்கட்சித் தேர்தலிலேயே வீழ்த்தினார். லிசாவோ 2010-ல் கட்சி கைவிட்டபின், வாக்குச்சீட்டில் மக்கள் தம் பெயரைக் கையால் எழுதியே வெல்லும் அளவுக்கு வளர்ந்தார். தந்தை செய்தது பிழை, மகள் தகுதியானவர். இரண்டையும் சேர்த்துச் சொல்ல நேர்வதால் இவ்வகை ஆய்வாளருக்குத் தலைவலி.

நான்காவது, அணி வகை. ஜார்ஜியா ஆளுநர் தாமஸ் ஹார்ட்விக் பெண்கள் வாக்குரிமையை எதிர்த்தவர். 1922-ல் செனட் இடம் ஒன்று காலியானது. அதற்குத் தாமே போட்டியிட எண்ணினார். அதற்குள் பெண்களும் வாக்காளர்கள் ஆகிவிட்டார்கள். எனவே 87 வயதான ரெபெக்கா ஃபெல்ட்டனை நியமித்து மரியாதை செய்தார். தேர்தலுக்கு முன் செனட் கூடப்போவதில்லை என்பது கணக்கு. ஆனால் ஹார்ட்விக் தோற்றார். வென்ற வால்டர் ஜார்ஜ், தம் சான்றிதழை நீட்டுவதைத் தள்ளிவைத்து மூதாட்டிக்கு இடம் விட்டார். நவம்பர் 21-ல் ஃபெல்ட்டன் பதவியேற்றார். அமெரிக்காவின் முதல் பெண் செனட்டர். மறுநாளே முன்னாள் செனட்டர். அவர் ஒருகாலத்தில் அடிமைகளை வைத்திருந்தவர், வெள்ளையர் ஆதிக்கம் பேசியவர் என்பதையும் மறைக்கலாகாது. ஜார்ஜியாவுக்கு அடுத்த பெண் செனட்டர் கிடைக்க 2020 வரை ஆனது. அவர் கெல்லி லோஃப்லர். அவரும் நியமனமே.

ஐந்தாவது, சந்தை வகை. ஒபாமா காலி செய்த இல்லினாய் இடத்துக்கு விலை பேசினார் என்று ஆளுநர் ராட் பிளாகோயவிச் 2008 டிசம்பரில் கைதானார். கைதான பிறகும் அதிகாரம் அவரிடமே இருந்தது. அம்மாத இறுதியில் ரோலண்ட் பரிஸை நியமித்தும்விட்டார். செனட் முதலில் வாசலில் நிறுத்தியது, பிறகு உள்ளே விட்டது. ஆளுநருக்குப் பதவி போயிற்று, 14 ஆண்டு சிறைத்தண்டனை விழுந்தது. 2020-ல் டிரம்ப் தண்டனையைக் குறைத்து வெளியே விட்டார், 2025-ல் மன்னிப்பே கொடுத்துவிட்டார். நாற்காலிக்கு ஒரு விலை உண்டென்பது இதனால் பெறப்பட்டது; எவ்வளவு என்பது பெறப்படவில்லை.

இந்த நாற்றத்தில் எரிச்சலுற்று செனட்டர் ரஸ் ஃபெயிங்கோல்ட் 2009-ல் நியமனத்தையே ஒழிக்கும் அரசியலமைப்புத் திருத்தத்தை முன்மொழிந்தார். பிரதிநிதிகள் சபைக்கு நியமனமே கிடையாது, தொடக்கத்திலிருந்து தேர்தல் மட்டும்தான், செனட்டுக்கு மட்டும் ஏன் சலுகை என்பது வலுவான வாதம். திருத்தம் நிறைவேறவில்லை. அந்தச் சபையின் கதையிலும் ஒரு முடிச்சு உண்டு. 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு, உறுப்பினர்கள் கூட்டமாக இறந்தால் என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. நியமனமே வழி என்றனர் ஒரு சாரார். சபை ஒப்பவில்லை. நூறு இடங்களுக்கு மேல் காலியானாலும் 49 நாட்களில் தேர்தல் என்று 2005-ல் சட்டம் செய்துகொண்டது.

ஆளுநரைக் கட்சிக்குக் கட்டுப்படுத்தும் நடுவழி ஒன்றும் உண்டு: இறந்தவரின் கட்சி மூன்று பெயர் தரும், அதில் ஒன்றை ஆளுநர் எடுக்க வேண்டும். வயோமிங்கில் 2007-ல் ஜனநாயகக் கட்சி ஆளுநர் இப்படித்தான் குடியரசுக் கட்சியின் ஜான் பராசோவை நியமித்தார். இதைக் கண்ட கெண்டக்கியின் குடியரசுக் கட்சிச் சட்டமன்றம், ஜனநாயகக் கட்சி ஆளுநர் ஆண்டி பெஷியரின் மறுப்பாணையை மீறி 2021-ல் அதே முறையைக் கொண்டுவந்தது. அதிலும் நிம்மதியில்லாமல் 2024-ல், மீண்டும் அவர் மறுப்பை மீறி, நியமனத்தையே நீக்கித் தேர்தல் என்று மாற்றியது. இவ்விரண்டு திருத்தங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் கெண்டக்கியில் எந்த செனட் நாற்காலியும் காலியாகவில்லை.