குரங்கும் பல்லியும் நிரபராதிகள்

சாதாரண தரப் பிள்ளைகளுக்கு இருபத்திரண்டு வருசமாக மின்தடை படிப்பிக்கிறேன். தொடர் இணைப்பையும் சமாந்தர இணைப்பையும் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இவ்வளவு தகுதியோடும் என் வீட்டுக் குசினியில் நின்ற பிரிட்ஜிடம் ஒன்பது நாள் தோற்றுப்போனேன். ஏறாவூரில் பாதிப் பேருக்கு இது ஏற்கெனவே தெரியும். மிச்சப் பாதிக்காக எழுதுகிறேன்.

முதல் தோல்வி காதில் தொடங்கியது. இரவில் குசினிப் பக்கம் 'டிக்' என்றொரு சத்தம். பின்னால் ஒரு முனகல். சில விநாடியில் இன்னொரு 'டிக்'. கொஞ்ச நேரம் அமைதி. பிறகு அதே கச்சேரி.

"பல்லி கத்துது" என்றேன்.

"பல்லி மணி பாத்தா கத்தும்?" என்றாள் மனைவி.

நான் திரும்பிப் படுத்தேன்.

விடியப் பார்த்தால் எருமைத் தயிர் புளித்திருந்தது. வாவி இறால் தண்ணீரில் மிதந்தது. நோன்புக்கென்று வாங்கிவைத்த மாட்டிறைச்சியிலிருந்து நிலத்தில் நீர் வடிந்திருந்தது. ஆனால் கதவைத் திறந்தால் உள்ளே லைட் எரிந்தது. லைட் எரிகிறது, ஆகவே பிரிட்ஜ் நல்லம் என்று முடிவுகட்டி, குளிர்த் திருகை ஏழுக்குத் திருப்பினேன். காது கேட்காதவரிடம் குரலை உயர்த்துவதுபோல. உம்மாவின் இன்சுலின் அன்றே பக்கத்து வீட்டு ராத்தாவின் பிரிட்ஜுக்குக் குடிபோனது.

அடுத்து, குற்றவாளியைத் தேடினேன். தூரப் போகத் தேவையிருக்கவில்லை. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டுப்பட்டு முழு நாடும் இருண்டது. அமைச்சரே குரங்கு என்று சொன்ன பிறகு நான் ஏன் வேறு யாரையும் சந்தேகிக்க வேண்டும்? கரண்ட் வந்த வேகத்தில் பிரிட்ஜ் அடிபட்டுவிட்டது என்று ஆசிரியர் ஓய்வறையில் படம் போட்டே விளக்கினேன். மூன்று நாள் அந்தக் குரங்கைத் திட்டியிருக்கிறேன்.

"அதுக்குப் பொறவு பத்து நாள் ஐஸ் போட்டதே, அது ஆர் போட்ட?" என்று மனைவி கேட்டாள். என் படத்தில் அதற்கு இடம் இருக்கவில்லை.

குரங்கு போனதும் கேஸ் வந்தது. நம்மூர் தேத்தண்ணிக் கடையில் எந்த பிரிட்ஜின் வருத்தத்தைச் சொன்னாலும் மருந்து ஒன்றுதான்: "கேஸ் முடிஞ்சி." நாலு பேர் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். அன்று மாலைக்குள் நோய் முற்றி, என் வாயாலேயே கொம்பிரசராகிவிட்டது. பெரிய வருத்தம் என்று சொல்வதில் ஒரு மரியாதை இருக்கிறது. 'கொம்பிரசர் போயிட்டு' என்றால் கேட்கிறவர் "ஆ" என்று கவலைப்படுவார். தீப்பெட்டி அளவு சாமான் பழுது என்றால் யார் கவலைப்படுவார்? தவணைக் காசுக்குப் புதிய பிரிட்ஜ் விசாரிக்கவும் தொடங்கினேன். "பிரிட்ஜ் இல்லாமத்தான் ஒங்க ஆறு பேரையும் வளத்த, மனே" என்று உம்மா மட்டும் தஸ்பீஹ் மணியை உருட்டியபடி சொன்னார்.

கடைசியில் பஜாரிலுள்ள மெக்கானிக் காக்காவுக்குப் போன் எடுத்தேன். நோன்பு நெருங்கும் காலம், அவருக்குத் தலைசொறிய நேரமில்லை. சத்தம் எப்படி என்று மட்டும் கேட்டார். வாயாலேயே டிக், ம்ம்ம், டிக் என்று செய்து காட்டினேன்.

"சேர், கேஸ் போனா மெசின் ஓடிக்கிட்டே இரிக்கும், குளிராது. ஒங்கட மெசின் ஓடவே இல்ல. ரிலேயக் கழட்டி ஆட்டிப் பாருங்க."

வெட்கம் அங்கேதான் பிடித்தது. அந்த ரிலேக்குள் இருப்பது நான் படிப்பிக்கும் பாடம். கொம்பிரசர் மோட்டாரில் இரண்டு சுருள். ஒன்று ஓட்டுகிறது, மற்றது தொடக்கத்தில் ஒரு தள்ளு தள்ளிவிடுகிறது. தள்ளுகிற சுருளின் வாசலில் காவலாளியாக ஒரு சின்னச் சுடுமண் வில்லை, பேரியம் டைட்டனேற்றுச் சாதி. குளிர்ந்திருக்கும்போது தடை குறைவு, மின்னோட்டத்தை விடும். கண் இமைக்கும் நேரத்தில் சுட்டுப்போய், நூறு பாகைக்கு மேலே ஏறியதும் தடை பன்மடங்காகி வாசலைக் கிட்டத்தட்ட மூடிவிடும். படுக்கையறை நுளம்பு மெசினைச் சூடாக்குவதும் இந்த வில்லையின் ஒன்றுவிட்ட தம்பிதான். வில்லை உடைந்தால் தள்ளுவதற்கு ஆளில்லை. மோட்டார் முனகும், சுடும், பக்கத்திலிருக்கும் பாதுகாப்புத் தகடு வளைந்து 'டிக்' என்று கரண்டை வெட்டும். ஆறியதும் மறுபடி 'டிக்'. என் பல்லி அதுதான்.

வில்லை ஆறச் சில நிமிசம் வேண்டும். அதனால்தான் கரண்ட் போய் வந்தால் பிளக்கைக் கழற்றி ஐந்து நிமிசமாவது பொறுக்கச் சொல்கிறார்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை கரண்ட் இல்லாத நாட்களில், வந்த அந்த நொடியே ஓடிப்போய் சுவிட்சைப் போட்டவன் நான். வில்லையின் ஆயுளைக் குறைத்ததில் எனக்கும் பங்கிருக்கலாம். குரங்குக்கு இல்லை.

கழற்றும் படலம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கைவைத்தேன். பிடுங்கியது சோறு ஆக்கும் குக்கரின் பிளக் என்பதை டெஸ்டரில் சிவப்பு மின்னிய பிறகே அறிந்தேன். அந்த டெஸ்டரை எடுத்துத் தந்தவன் ஏழாம் தரம் படிக்கும் மகன். இந்த ஒரு தோல்வியை மட்டும் சிரித்துக்கொண்டு எழுத முடியவில்லை.

பிரிட்ஜை இழுத்தேன். கொம்பிரசருக்கு மேலிருந்த தட்டுத் தண்ணீர் என் சாரத்தில் கொட்டியது. பின்னால் ஒரு விரல் கனத்துக்குத் தூசி, இரண்டு கரப்பான், போன பெருநாளுக்குக் காணாமல்போன சீப்பு. பிளாஸ்டிக் மூடியைத் திறந்து ரிலேயை நேரே இழுத்ததும் கையோடு வந்தது. ஆட்டினேன். கிலுகிலுப்பை மாதிரிச் சத்தம், கருகல் மணம். பாடசாலைப் பல்மானியால் கொம்பிரசரின் மூன்று முனைகளையும் அளந்தேன். பதினாலு ஓம், பத்தொன்பது ஓம், இரண்டு சுருளுக்கும் சேர்த்து முப்பத்து மூன்று. தொடர் இணைப்பு! மோட்டார் உயிரோடு இருந்தது. இருபத்திரண்டு வருசமாகப் பலகையில் எழுதியதை முதல்முறையாக நம்பினேன்.

சந்தோசத்தில் பழைய ரிலேயை மேசையில் விட்டுவிட்டுக் கடைக்குப் போனேன்.

"எத்தின ஓம், சேர்?"

"ஓம்" என்றேன்.

"இல்ல சேர், எத்தின ஓம்?"

"ஓம், ஓம், ரிலேதான்."

கடைப் பொடியன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பழசைக் கொண்டுவரச் சொன்னான். இரண்டாம் தரம் அதை மகனின் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோனேன். புதியதற்குக் கொடுத்த காசில் ஒரு கோழிகூட வாங்கியிருக்க முடியாது.

பூட்டினேன். பிஸ்மி சொல்லி பிளக்கைச் செருகினேன். ஒரு சத்தமும் இல்லை. பல்லிகூட இல்லை. நிலத்தில் குந்தியபடி அரை மணித்தியாலம் பிரிட்ஜைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனதுக்குள் தவணைக் காசைக் கணக்குப் பார்த்தேன். மனைவி வந்தாள், கதவைத் திறந்தாள், கையை விட்டு எதையோ திருகினாள். ம்ம்ம் என்று ஓடத் தொடங்கியது. கழற்றும்போது பாதுகாப்புக்கென்று திருகைப் பூச்சியத்தில் விட்டவன் நான்தான்.

அன்று இரவு நித்திரை கண்ணை இழுக்கும் நேரம், குசினிப் பக்கம் 'டிக், டிக்'. டோர்ச்சோடு பாய்ந்தேன். பிரிட்ஜ் அதுபாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. மேலே சுவரில், டோர்ச் வெளிச்சத்தில், வாலை ஆட்டிக்கொண்டு ஒரு பல்லி.

"என்னவாம்?" என்று அறைக்குள்ளிருந்து குரல்.

"பல்லி."

"கேஸ் போயிட்டோ தெரியா, நல்லாப் பாருங்க" என்றாள்.