இசட் அண்ணன்

எஸ்.ஏ.பி. மென்பொருள் ஓடுகிற கம்பெனி எதுவானாலும் அதன் ஐ.டி. பிரிவில் ஒரு மூலை சீட் உண்டு. அதில் ஓர் இசட் அண்ணன் உண்டு. எஸ்.ஏ.பி.யை வாங்கிய கம்பெனி தன் தேவைக்கென்று எழுதிக்கொள்ளும் புரோகிராம், டேபிள் எதுவானாலும் பெயர் இசட்டிலோ ஒய்யிலோ தொடங்க வேண்டும் என்பது விதி. ஒய் ஏனோ ராசியில்லாத எழுத்து. எல்லோரும் இசட்தான் வைக்கிறார்கள். அந்த இசட்களில் எதைத் திறந்தாலும் உள்ளே அண்ணனின் இனிஷியல் இருக்கும்.

அவருக்குத் தெரிந்த மொழி ஏபாப். 1972இல் ஐ.பி.எம்.மை விட்டு வந்த 5 பேர் ஜெர்மனியில் தொடங்கிய எஸ்.ஏ.பி. கம்பெனியின் சொந்த மொழி. அந்தக் காம்பவுண்டைத் தாண்டினால் செல்லாது. அண்ணன் பாஸ்போர்ட் எடுத்ததில்லை. ஆனால் புக்ரஸ், குன்னர், லிஃப்னர் என்று ஜெர்மன் சுருக்கங்களை நாள் முழுக்க மென்றுகொண்டிருப்பார். மெனுவில் தேடித்தேடி கிளிக் செய்கிறவர்களைப் பார்த்தால் அவருக்கு இரக்கம் வரும். அவர் எஸ்.ஈ.38, எஸ்.டி.22 என்று குறியீட்டைத் தட்டி நேராகப் போகிறவர். ஸ்லாஷ் போட்டு என்.இ.எக்ஸ். என்று தட்டினால், ‘சேமிக்கவா?’ என்று ஒரு வார்த்தை கேட்காமல் எஸ்.ஏ.பி. மொத்தமாக மூடிக்கொள்ளும். அப்ரைசல் மீட்டிங்குகளில் அண்ணன் முகத்தைப் பார்த்தால், அவர் மனசு எந்தக் கட்டளையைத் தட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரியும்.

ஏபாப்பில் ஒவ்வொரு வாக்கியமும் முற்றுப்புள்ளியில் முடிய வேண்டும். அண்ணன் வாட்ஸாப்பிலும் அப்படித்தான்: ‘சரி.’ ‘வரேன்.’ ‘சாப்பிட்டாச்சு.’ புதிதாகச் சேர்ந்தவர்கள் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொள்வார்கள். கோபமெல்லாம் இல்லை. புள்ளி வைக்காவிட்டால் சின்டாக்ஸ் எரர் வருமோ என்ற பழைய பயம்.

எழுதிய எதையும் அவர் அழிக்க மாட்டார். வரியின் தொடக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு உறங்க வைப்பார். மேலே தேதி, கீழே ‘மாற்றம் முடிந்தது’ என்று குறிப்பு. 4,000 வரிப் புரோகிராமில் உயிரோடு இருப்பது எது, உறங்குவது எது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

இந்த இடத்துக்குத்தான் ஆல்ரவுண்டர் தம்பி வந்து சேருகிறான். பைத்தான், ஜாவா, ரியாக்ட் என்று ரெஸ்யூமே 3 பக்கம். லேப்டாப் மூடி தெரியாத அளவுக்கு ஸ்டிக்கர். முதல் நாளே கேட்பான்:

“ப்ரோ, கிட் ரெப்போ எங்க?”

“அதெல்லாம் இல்ல தம்பி. டிரான்ஸ்போர்ட் இருக்கு.”

“கோடு எந்த ஃபோல்டர்ல இருக்கு?”

“டேட்டாபேஸுக்குள்ள.”

தம்பி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “லாங்குவேஜ் தானே ப்ரோ, ரெண்டு வாரத்துல பிடிச்சிருவேன்” என்றான். உண்மையைச் சொல்ல வேண்டும்: பிடித்தும்விட்டான். அதோடு, ராத்திரி பூராவும் ஓடுகிற ஒரு ஜாப்பைத் திறந்து, லூப்புக்குள் செலக்ட் போட்டு ஒவ்வொரு வரிக்கும் டேட்டாபேஸ் கதவைத் தட்டிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்து மாற்றினான். அதன்பின் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஜாப் முடிந்தது. அண்ணன் திரையை நெடுநேரம் பார்த்துவிட்டு, “டெஸ்ட் சர்வர்ல டேட்டா கம்மி” என்றார். இத்தனை வருஷமாக ஒரு கம்பெனியின் ராத்திரியைத் தின்ற கோடுக்கு இதைவிட நல்ல சமாதானம் இருந்திருக்கலாம்.

ஆனால் தம்பி அதோடு நிற்கவில்லை. விற்பனை ஆர்டர் சேமிக்கப்படும்போது ஓடுகிற யூசர் எக்ஸிட்டுக்குள் போனான். எம்.வி.45.ஏ.எஃப்.இசட்.இசட். என்பது அதன் பெயர். விற்பனைக்கான எஸ்.டி. மாட்யூலைத் தொட்டவர்கள் இந்தப் பெயரைக் கேட்டாலே ஒரு பெருமூச்சு விடுவார்கள். கம்பெனி காலங்காலமாகக் கொடுத்த விதிவிலக்கு, சலுகை, எம்.டி. போனில் சொன்னது எல்லாம் ‘இஃப்’ ‘எண்டிஃப்’ ஆக அடுக்கிக் கிடக்கும் கோடவுன் அது. அங்கே ஒரு வாடிக்கையாளர் எண் அப்படியே ஹார்ட்கோட் செய்யப்பட்டிருந்தது. தம்பிக்கு அது பாவம். எடுத்துவிட்டான். டெஸ்ட் எல்லாம் பச்சை.

மாதக் கடைசியில் சேல்ஸ் மேனேஜர் படியேறி வந்தார். ஒரு பழைய டீலருக்குச் சலுகை இல்லாமல் பில் போயிருக்கிறது. டீலர் சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார். எந்த டீலர், என்ன சலுகை, யார் சொல்லி எப்போது கொடுத்தது என்பதை அண்ணன் நாற்காலியிலிருந்து எழாமலே சொன்னார். எந்த டாக்குமெண்டிலும் அது இல்லை. இருக்காது. எழுதி வைத்திருந்தால் அவருக்கு மூலை சீட் எதற்கு என்று ஒரு கேள்வி வந்துவிடுமே. அண்ணனின் நல்ல குணங்களைச் சொல்லும்போது இந்தக் குணத்தையும் சேர்த்தே சொல்வதுதான் நியாயம்.

இந்த எஸ்.ஏ.பி. உலகத்தில் அறிமுகமும் தனி ரகம். ஊர்ப்பக்கம் குலம் கோத்திரம் விசாரிப்பதைப் போல, “என்ன மாட்யூல்?” என்றுதான் பேச்சு தொடங்கும். கணக்கு பார்க்கும் எஃப்.ஐ. என்றால் ஒரு மரியாதை, சரக்கு பார்க்கும் எம்.எம். என்றால் வேறொன்று. ‘எனக்கு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தெரியும்’ என்கிறவனை எந்தப் பந்தியில் உட்கார வைப்பது என்று இவர்களுக்குத் தெரிவதில்லை.

இப்போது இருவருக்கும் சோதனை வந்திருக்கிறது. எஸ்.ஏ.பி. 2015இல் எஸ்4ஹானா என்ற புதிய தலைமுறையைக் கொண்டுவந்தது, பழைய தலைமுறையான இ.சி.சி.க்கு வழக்கமான பராமரிப்பு 2027 கடைசியோடு முடிகிறது. ‘கிளீன் கோர்’ என்று சொல்லி, மையத்தைத் தொடாதே, உன் சேர்க்கைகளை வெளியே வைத்துக்கொள் என்கிறார்கள். அண்ணனின் வாழ்நாள் உழைப்பு முழுவதும் அந்த மையத்தில்தான் இருக்கிறது. அதைப் பிரித்தெடுக்கத் தம்பிக்குக் கருவிகள் தெரியும். எதை எடுத்தால் எது இடியும் என்பது அண்ணனுக்குத்தான் தெரியும்.

ஆகவே மேனேஜர்களுக்கு ஒரு வேண்டுகோள். அண்ணன் பேப்பர் போட்ட பிறகு, நோட்டீஸ் பீரியடில் நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர் எடுத்துக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். தம்பியை இந்த வாரமே அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார வையுங்கள். மாதக் கடைசி 2 நாட்கள் மட்டும் வேண்டாம். அப்போது அண்ணன் யாரோடும் பேச மாட்டார்.