தொண்டர் ஓட்டும் மேலிடத்துப் பட்டியலும்

கேள்வி: அமெரிக்காவில் கட்சி வேட்பாளரையே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்களாமே, இங்கே நடக்குமா?
– ஒரு வாசகர், தொட்டியம்

பதில்: நடத்திப் பார்த்தாயிற்று. 2014 மக்களவைத் தேர்தலுக்கு ராகுல் காந்தியின் யோசனைப்படி காங்கிரஸ் சில தொகுதிகளில் உள்கட்சி ஓட்டெடுப்பு வைத்தது. வடோதராவில் தேர்வானவர் நரேந்திர ராவத். மோடி அங்கே நிற்கிறார் என்றதும் அவர் ஒதுங்கிக்கொள்ள, மேலிடம் மதுசூதன் மிஸ்திரியை இறக்கியது. நம் பக்கம் அந்தச் சிரமமும் இல்லை: விருப்ப மனு, கட்டணம், நேர்காணல், பட்டியல். மறுசீரமைப்பில் தொட்டியம் தொகுதி மறைந்து முசிறிக்குள் போனது; முசிறிக்கு யார் என்பதோ சென்னையில் முடிவாகிறது.

அமெரிக்க முறை மட்டும் யோக்கியமா என்பீர்கள். குறை உண்டுதான். 2020 உள்கட்சித் தேர்தலில் பைடன் அயோவாவில் நான்காமிடம், நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாமிடம். கறுப்பின வாக்காளர் நிறைந்த தெற்கு கரோலினாதான் அவரைத் தூக்கி நிறுத்தியது. அந்த இரு சிறு மாநிலங்களோடு கணக்கை மூடியிருந்தால் அவர் வீட்டுக்குத்தான் போயிருப்பார். துளசேந்திரபுரத்து வழிவந்த கமலா ஹாரிஸ், பணமில்லாமல் 2019 டிசம்பரிலேயே விலகினார். 2024இல் ஒரு மாநிலத்திலும் ஜெயிக்காமலே வேட்பாளரானார். இருந்தாலும், அங்கே தோற்றவருக்கு யாரிடம் தோற்றோம் என்றாவது தெரியும். இங்கே அதுவும் ரகசியம்.

இங்கே உள்கட்சித் தேர்தல் வந்தால் அதிலும் பணம் விளையாடும் என்பது அடுத்த ஆட்சேபம். பொதுத்தேர்தலில் விளையாடாததா? அதற்காகத் தேர்தலையா நிறுத்திவிட்டோம்? தொண்டர் போஸ்டர் ஒட்டத் தகுதியானவர் என்றால், போஸ்டரில் யார் படம் என்று சொல்லவும் தகுதியானவரே.