கோயமுத்தூர் பார்ட்டி

நேற்று சாயங்காலம் ஏறிய எரிச்சல் இன்னும் இறங்கவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை. வருஷக்கணக்கில் நின்றுபோன பழைய பென்ஸை வாங்கிப் புதுப்பிக்கலாமா கூடாதா என்ற கேள்விக்கு என்னிடம் தெளிவான பதில் ஒன்று இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் நேற்று நடந்ததைக் கொட்டிவிடுகிறேன்.

கீழ்ப்பாக்கத்தில் ஒரு பழைய பங்களா. வாசலில் மாமரம், மாமரத்துக்கு அடியில் நீலத் தார்ப்பாய், அதற்கும் அடியில் 1983ஆம் வருஷத்து மெர்சிடிஸ் 240டி. உங்கள் தெருவிலும் இப்படி ஒன்று நிற்கும். போகும்போதும் வரும்போதும் தார்ப்பாய் விலகின இடத்தில் கண்ணை ஓட்டி, 'சும்மா கேட்டுப் பார்த்தால் என்ன?' என்று நினைத்திருப்பீர்கள். நினைத்ததே இல்லை என்கிறவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய் ராசிபலன் படிக்கலாம்.

நான் கேட்டுவிட்டேன். வீட்டுக்காரர் எழுபதைத் தாண்டியவர். "விக்கிற ஐடியாவே இல்ல சார்" என்றுதான் ஆரம்பித்தார். விற்கிற ஐடியா இல்லாதவர் விலையை மட்டும் நான் போகும்போதெல்லாம் ஏற்றுகிறார். போன மாதம் ஐந்தரை லட்சம். நேற்று ஏழு. வண்டி அதே இடத்தில்தான் நிற்கிறது. காற்று இறங்கின டயர்கள் இன்னும் கொஞ்சம் மண்ணுக்குள் போயிருக்கின்றன, அவ்வளவுதான். ஏன் சார் ஏழு என்றேன். "போன வாரம் கோயமுத்தூர் பார்ட்டி ஒண்ணு வந்து ஏழுக்குக் கேட்டாங்க. நான்தான் குடுக்கல."

இந்தக் கோயமுத்தூர் பார்ட்டியை எனக்கு நன்றாகத் தெரியும். பார்த்ததில்லை, ஆனால் தெரியும். மடிப்பாக்கத்தில் மனை பார்க்கப் போனேன், எனக்கு முன்னால் வந்து போயிருந்தார். ஒரு பழைய புல்லட்டைப் பார்க்கப் போனேன், அதற்கும் வந்திருந்தார். எப்போதும் போன வாரம்தான் வருவார். இந்த வாரம் வந்தார், நாளைக்கு வரப்போகிறார் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நாம் மனசில் வைத்திருக்கும் தொகை அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும். அதற்கு மேல் ஒன்றரை லட்சம் போட்டுக் கேட்பார். எல்லாம் ரொக்கம். பையில் கொண்டு வருவார், 'குடுக்கறதில்ல' என்றதும் ஒரு வார்த்தை பேசாமல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். இவ்வளவு பணத்தையும் இவ்வளவு ஆசையையும் வைத்துக்கொண்டு அந்த மனிதர் இதுவரை எதையுமே வாங்கியதில்லை. வீட்டில் அந்த அம்மாள் என்ன நினைப்பார்? ராத்திரி பதினொரு மணிக்குப் பையோடு வந்து இறங்குகிறார். "என்னங்க, முடிஞ்சுதா?" "இல்ல, குடுக்கலைன்னுட்டாரு." மறுபடியும் சோறு போட வேண்டியதுதான்.

ஏன் கோயமுத்தூர் என்று யோசித்திருக்கிறேன். பொருளுக்கு ஏற்ற ஊர் வேண்டும். மனை என்றால் துபாய் பார்ட்டி. தேக்குக் கட்டில் என்றால் காரைக்குடி பார்ட்டி. கார் என்றால் கோயமுத்தூர்தான் எடுபடும். மில்லும் பம்பு செட்டும் செய்து சம்பாதித்த ஊர், அவிநாசி ரோட்டில் ஜி.டி. நாயுடு பெயரில் கார் மியூசியமே 2015இல் திறந்து வைத்திருக்கிற ஊர். அங்கே இருந்து ஒருவர் பழைய பென்ஸ் தேடி வருகிறார் என்றால் யார் மறுக்க முடியும்? ஆனால் என் சகலை கோயமுத்தூரிலேயே இருக்கிறார். அவர் அந்த ஊர் ராமநாதபுரம் பக்கம் ஒரு பழைய பியட்டை விலை கேட்டிருக்கிறார். "போன வாரம் மெட்ராஸ் பார்ட்டி ஒண்ணு கேட்டுட்டுப் போச்சுங்க" என்றாராம் வீட்டுக்காரர்.

ஆக, இரண்டு பார்ட்டிகள். வாராவாரம் ஒருவர் இங்கிருந்து அங்கே போகிறார், இன்னொருவர் அங்கிருந்து இங்கே வருகிறார். இருவரிடமும் ரொக்கம். இருவருக்கும் கிடைப்பதில்லை. சேலம் பைபாஸில் ஏதாவது ஒரு டீக்கடையில் இவர்கள் சந்தித்துக்கொள்ளாமல் இருக்க முடியாது. பேசிக்கொள்வார்களா? ஒருவர் பையை ஒருவர் பார்த்துப் பெருமூச்சு விடுவார்களா? டீக்கு மட்டுமாவது காசு வாங்கிக்கொள்கிறார்களா, இல்லை, டீக்கடைக்காரரும் "போன வாரம் ஒருத்தரு கேட்டாரு, குடுக்கல" என்கிறாரா?

விஷயத்துக்கு வருகிறேன். இல்லை, ஒன்றே ஒன்று பாக்கி. கோயமுத்தூர் பார்ட்டி பானெட்டைத் திறக்கவே மாட்டார். "பாத்தவொடனே சொல்லிட்டாங்க சார், திறந்துகூடப் பாக்கல" என்று பெரியவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் புதுப்பேட்டையிலிருந்து மெக்கானிக் பாயை அழைத்துப் போய், பானெட்டைத் திறந்து, கார்ப்பெட்டைத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்த அற்பன்.

சரி, பார்த்ததைச் சொல்கிறேன். இந்த பென்ஸின் பானெட் நெட்டுக்குத்தாக நிற்கும்படி திறக்கும். திறந்ததும் பாய் இரண்டடி பின்வாங்கினார். ஏர் கிளீனருக்குள் பெருச்சாளி குடும்பம் நடத்திவிட்டுப் போயிருந்தது. பானெட்டின் உள்பக்கத்துப் பஞ்சைப் பிய்த்து மெத்தை போட்டு, நடுவே யாருடைய கல்யாணப் பத்திரிகையையோ சுருட்டி வைத்திருந்தது. கண்ணாடிக்குக் கீழே காற்றுப் போகிற இடுக்கில் மாவிலை மக்கி மண்ணாகி, அதில் ஒரு செடி. அங்கே இலை அடைத்தால் மழைத்தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உள்ளே இறங்கும். டிரைவர் கால் வைக்கிற இடத்தில் கார்ப்பெட்டைத் தூக்கினோம். ஓட்டை வழியாக வீட்டுப் பூனை எங்களை நிமிர்ந்து பார்த்தது. பாய் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "பாடி நல்லாயிருக்கு சார். தரைதான் இல்ல."

சீட்டு மட்டும் நேற்றுக் கடையில் வாங்கின மாதிரி இருந்தது. அந்தக் காலத்து ரெக்ஸின், எதற்கும் அசையாது. ஆக, உட்காரலாம். காலை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி.

இன்ஜின் இதைவிடக் கெட்டி. கையால் சுற்றிப் பார்த்தால் சுற்றுகிறது. ஆனால் ஸ்டார்ட் பண்ணினால் நிற்குமா என்பது சந்தேகம். புரியாதவர்களுக்கு: இந்த டீசல் வண்டியில் சாவியைத் திருப்பினால் வேக்குவம்தான் இன்ஜினை நிறுத்துகிறது. கதவுப் பூட்டுக்கும் அதே வேக்குவம்தான். வண்டிக்குள் ரத்தக்குழாய் ஓடுவதுபோல் சின்னச் சின்னக் குழாய் ஓடுகிறது. ஒரு ரப்பர் வெடித்தால் போதும், சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் இன்ஜின் வாசலில் ஓடிக்கொண்டிருக்கும். அதற்காகவே பானெட்டுக்குள் 'ஸ்டாப்' என்று எழுதி ஒரு லீவர் வைத்திருக்கிறான் ஜெர்மன்காரன். ஒவ்வொரு சிக்னலிலும் இறங்கி அமுக்க வேண்டியதில்லை, அந்த மட்டில் நிம்மதி.

ஆடம்பரக் கார் என்கிறோமே, அந்த ஜெர்மன்காரனைக் கேளுங்கள். 1976 முதல் பத்து வருஷத்தில் இந்த ரகத்தைச் சுமார் 27 லட்சம் செய்து தள்ளினான். 240டி அவன் ஊரில் டாக்ஸி. மொராக்கோவில் கிராண்ட் டாக்ஸி, ஆறு பேரைத் திணித்து ஓட்டினார்கள். 72 குதிரை சக்தி. நமக்குத்தான் இது பங்களாவும் மாமரமும். அதிலும் "எம்பசி வண்டி சார்" என்கிறார் பெரியவர். தூதரகங்கள் கழித்துவிட்ட வெளிநாட்டுக் கார்களை அந்நாளில் ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் விற்றது உண்மை. ஆனால் ஊரில் எம்பசி வண்டி என்று நிற்பதையெல்லாம் கூட்டினால் ஒவ்வொரு தூதருக்கும் நாற்பது கார் வரும்.

பேப்பர் கதை தனி. ஆர்.சி. புத்தகம் பெரியவரின் அப்பா பெயரில். அவர் காலமாகி வெகுநாளாயிற்று. முதலில் படிவம் 31 போட்டு வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும், அதற்கு வாரிசுச் சான்றிதழ், மெல்போர்னில் இருக்கும் தங்கையின் சம்மதக் கடிதம். தங்கைக்கும் அண்ணனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பதிவு 2003ஓடு முடிந்துவிட்டது. இருபது வருஷத்துக்கு மேற்பட்ட இறக்குமதிக் காருக்குப் பதிவைப் புதுப்பிக்க 2025 ஆகஸ்டிலிருந்து 80,000 ரூபாய். முன்பு அதில் பாதி. தரையே இல்லாத வண்டிக்கு!

இதையெல்லாம் எடுத்துச் சொன்னால் பெரியவர் அசருவதாயில்லை. "அம்பது வருஷம் ஆயிட்டா விண்டேஜ் சார், 2033ல பாருங்க, வெல எங்கயோ போயிடும்" என்கிறார். 2021இல் வந்த விதி அவருக்கு மனப்பாடம். பாதியை மட்டும்தான் மனப்பாடம் செய்திருக்கிறார். விண்டேஜ் என்று பதிந்த வண்டியைத் தினசரி ஓட்டக்கூடாது. கண்காட்சிக்கும் ராலிக்கும் போகலாம், டீசல் போடப் போகலாம், ரிப்பேருக்குப் போகலாம். ரிப்பேருக்கு எப்படியும் போகும்.

எனக்கு நிஜமாகவே கோபம் வருவது விலையால் இல்லை. "அப்பா ஞாபகமா வெச்சிருக்கேன்" என்கிறாரே, அதற்கு. ஞாபகமாக வைத்திருப்பவர் வருஷத்துக்கு ஒருமுறை அந்த இலையை அள்ளிப் போடக்கூடாதா? தார்ப்பாயைப் போட்டுப் போட்டுத்தான் ஈரம் உள்ளேயே நின்று வண்டி அரித்துப் போனது. வெறும் வெயிலில் விட்டிருந்தால் பெயின்ட் மட்டும்தான் போயிருக்கும். விற்கவும் மாட்டார், தொடவும் மாட்டார். யாராவது கேட்க வேண்டும், அவர் இல்லையென்று சொல்ல வேண்டும். சாயங்காலப் பொழுது போக வேண்டும்.

வீட்டில் இதைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் வந்தது. "எங்க நிறுத்துவீங்க?" அபார்ட்மென்டில் எங்களுக்கு இருப்பது ஒரு இடம், அதில் மாருதி நிற்கிறது. பதில் சொல்லாமல் பேப்பர் படித்தேன்.

இன்று காலையில் பெரியவரிடமிருந்து போன். இறங்கி வந்துவிட்டார் என்று நினைத்தேன். "மழ வருதுங்கறாங்க சார். தார்ப்பாய் கிழிஞ்சுடுச்சு. நீங்க ஆசைப்படற வண்டி, ஒரு நல்ல கவரா பாத்து வாங்கிப் போட்டுடுங்களேன்." கோயமுத்தூர் பார்ட்டியைக் கேட்பதுதானே என்று வாய் வரை வந்தது. அதற்குள் வைத்துவிட்டார்.

பெரியமேட்டில் கவர் கடைக்காரர் "எந்த வண்டி சார்?" என்றார். சொன்னேன். அவர் கேள்விப்பட்டதில்லை. நீளம் நாலே முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு என்றதும் "அப்ப இன்னோவா சைஸ் சரியா வரும்" என்று ஒன்றை எடுத்து விரித்தார். வெள்ளி நிறம், அடியில் எலாஸ்டிக். விலையில் இருநூறு குறைக்கச் சொல்லி நான் ஆரம்பிப்பதற்குள், "மிர்ரர் பாக்கெட் ரெண்டு பக்கமும் இருக்கு சார், ஓகேவா?" என்றார். ஒரு பக்கம் போதும், அந்த வண்டியில் டிரைவர் பக்கம் மட்டும்தான் மிர்ரர், ஒன்றுக்கு மட்டும் காசு வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன்.