கனடாவுக்குப் போன மன்னிப்பு

2022 ஜூலையில் போப் பிரான்சிஸ் சக்கர நாற்காலியில் கனடா போய், உறைவிடப் பள்ளிகளில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு நடந்த கொடுமைக்காக மன்னிப்புக் கேட்டார். நல்ல காரியம். நம்மூர்ச் சபைக்கும் உருகுவதற்குத் தோதான விஷயம். அங்கே செத்தவனும் நமக்குச் சொந்தமில்லை, சாகடித்தவனும் நம் மாமன் மச்சான் இல்லை.

இனி நம்மூருக்கு வருவோம். மயிலத்திலிருந்து விழுப்புரம் போய், உளுந்தூர்பேட்டைப் பக்கம் திரும்பினால் எறையூர். அங்கே ஜெபமாலை மாதா எல்லோருக்கும் தாய். ஆனால் தலித் வீட்டில் சாவு விழுந்தால் பிணம் பெரிய கோயில் தெரு வழியாக வரக்கூடாது. பிணம் தூக்கும் தூம்பா தனி, கல்லறை தனி. கடைசி நாளில் எக்காளத்தை இரண்டு தடவை ஊத வேண்டியிருக்கும். எந்தப் பக்கம் முதலில் என்று சம்மனசுகள் நாட்டாமையைக் கேட்டுக்கொள்வது நல்லது.

சரி, எங்களுக்குத் தனிப் பங்குத்தளம் கொடுங்கள் என்றார்கள் தலித்துகள். அதுவும் கூடாதாம். சேர்ந்து நிற்கவும் விடமாட்டோம், விலகிப் போகவும் விடமாட்டோம். 2008 மார்ச் 9, தவக்காலத்து ஞாயிற்றுக்கிழமை, வன்னியர் கிறிஸ்தவர்கள் தலித் வீடுகளை அடித்து நொறுக்கினார்கள். போலீஸ் சுட்டதில் அந்தத் தரப்பில் இருவர் செத்தார்கள். மாதாவின் பிள்ளைகள்தான் அவர்களும், சாதிக்காகச் செத்தார்கள்.

எச்சரிக்கை வராமலில்லை. 2003 நவம்பரிலேயே இரண்டாம் ஜான் பால், புதுச்சேரி-கடலூர் உள்ளிட்ட தமிழக ஆயர்களை எதிரே உட்காரவைத்து, சாதிப் பாகுபாட்டின் சாயல்கூட இருக்கக் கூடாது என்றார். கேட்டார்கள், கையை முத்தமிட்டார்கள், விமானம் ஏறினார்கள். 2016-இல் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை என்று ஓர் ஆவணமே வெளியிட்டது. ஆவணத்துக்கு என்ன, அது எந்தத் தெரு வழியாகவும் போகும்.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10 சபைக்குக் கறுப்பு நாள். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியலினத்திலிருந்து ஒதுக்கியது அநியாயம் என்று கோஷம். அநியாயம்தான், நானும் சொல்கிறேன். ஆனால் மதம் மாறினாலும் சாதி போகவில்லை என்று டெல்லிக்கு நிரூபிக்க, கல்லறைச் சுவரைச் சாட்சிக்கு நிற்க வைத்திருக்கிறீர்களா சாமி?

சமரசத்துக்குக் காலம் வேண்டும், அவசரப்படக் கூடாது என்பார்கள். 1745-இல் புதுச்சேரி சம்பா கோயிலுக்குள்ளேயே பறையர்களைப் பிரித்து ஒரு சுவர் இருந்தது. அவர்கள் திரண்டு போய்ப் பெரிய சாமியாரிடம் முறையிட்டார்கள்; அவர் சுவரை இடிக்கச் செய்தார். அப்போது அவ்வூரில் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் இதை எழுதி வைத்திருக்கிறார். குழு போட்டதாக அதில் ஒரு வரி இல்லை.