ஹைலைட் சுவர்க்காரர்

வீடு முழுக்க அடிக்க வேண்டிய கலரைப் பெயிண்டர் சொன்னபடியே, "சந்தனக் கலர்தானே, அடிச்சுடு" என்று அரை நிமிடத்தில் முடித்தவர்தான் இவர். அடுப்படியில் ஒரே ஒரு சுவருக்கு ஹைலைட் என்றதும் ஆளே மாறிவிடுவார். டைல்ஸுக்கு மேலே, பரணுக்குக் கீழே, ஐம்பது சதுர அடி தேறாத சுவர். இரண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர் எமல்ஷன் வாங்கினாலே மிச்சம் விழும்.

திண்டிவனத்துக்காரராக இருந்தால் உள்ளூர்க் கடையின் கலர் கலக்கும் மெஷின் மேல் நம்பிக்கை இராது, விழுப்புரம் போவார். விழுப்புரத்துக்காரர் திண்டிவனம் வருவார். மடியில் ஷேடு கார்டோடு இருவரும் விக்கிரவாண்டி டோல்கேட்டில் எதிரெதிர் பஸ்ஸில் கடந்துபோவார்கள். இரண்டு ஊரிலும் அதே வெள்ளை பேஸ், சொட்டுச் சொட்டாக விழும் அதே சாயம், டப்பாவுக்கு அதே குலுக்கல்.

அரசியல் தொல்லை வேறு. சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று எதைத் தொட்டாலும் தெருமுனைக் கொடிக்கம்பத்தில் ஏற்கெனவே பறக்கிறது. "வர்றவங்க நம்மள எந்தக் கட்சின்னு நெனைப்பாங்க?" யாரும் துண்டு போடாத இடமாகத் தேடி, கடைசியில் லாவெண்டரில் போய் நிற்பார். அதிலும் ஆறு லாவெண்டர். ஆறையும் சுவரில் கையகலம் பூசி, காலை வெயிலில் பார்ப்பார், டியூப்லைட்டில் பார்ப்பார். மஞ்சள் பல்பு போட்டதும் ஆறும் வேறு ஆறாகத் தெரியும். "காயட்டும் சார், இன்னும் மாறும்" என்று பெயிண்டர் தன் பங்குக்குக் கிளப்பிவிட்டு டீ குடிக்கப் போவார்.

திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் டி.எம்.வி. என்று ஊர்ப்பெயரிலேயே மல்லாட்டை ரகங்களை வெளியிட்ட பகுதி இது. அந்த மல்லாட்டை எண்ணெயில் மோர்மிளகாய் வறுபட்டு எழும் புகைதான் இந்தச் சுவருக்கு மூன்றாவது கோட்டு. தினமும் அங்கே நிற்கிறவருக்கு அது தெரியும். "ஏங்க, எதையாவது அடிச்சுத் தொலைங்க. பொங்கலுக்குள்ள கொழம்பு கலருதான் ஆவப்போவுது."

ஒருவழியாக அடித்து முடித்தால், பிரிட்ஜ் வைக்க அந்தச் சுவரை விட்டால் இடமில்லை என்பது தெரியவரும். மிச்சம் தெரிகிற இடத்தில் நகைக்கடைக் காலண்டர். டப்பாவில் மீந்ததை வீணாக்க மனமில்லாமல் மோட்டார் ரூம் சுவருக்கு அடித்துவிட்டு, நாலடி தள்ளி நின்று பார்ப்பார்.

"இங்கதான் கலர் எடுப்பா இருக்கு."