வட்டை வடிவமைக்கச் சொல்லும் மேலிடத்தாருக்கு ஐயம்பேட்டையிலிருந்து ஒரு விண்ணப்பம்

பெறுநர்: கணினித் திரையில் எச்சரிக்கை வாசகம் இயற்றும் அதிகாரம் படைத்தோர், அனைத்து இயங்குதளங்கள்.
பொருள்: பூட்டிய வெளி வன்வட்டு – எச்சரிக்கைகளின் தொனியைத் தலைகீழாக மாற்றக் கோருதல் – தொடர்பாக.
பார்வை: தங்கள் செய்தி, நாள் 4213.070512.

பெருமதிப்புக்குரியோர்களே,

பார்வையில் கண்ட நாள், லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கருநிரல் இடும் முத்திரைப்படி, கணினி விழித்ததிலிருந்து கழிந்த வினாடிகளின் கணக்கு என்பதும், பஞ்சாங்கத்தில் அதைத் தேடுவோர்க்குப் பயன் இராது என்பதும் முதற்கண் பணிவுடன் தெரிவிக்கப்படுகின்றன.

ஐயம்பேட்டைப் பட்டுத்தறிகளில் துளையிட்ட அட்டைகளைக் கோத்து ஜக்கார்டில் ஏற்றிய நாளில், ஒரு முந்தியின் டிசைனைத் திருட நினைப்பவர் அட்டைக்கட்டையே தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது. டிசைன் கணினிக் கோப்பாகிவிட்டால் அது சட்டைப்பையில் போய்விடும் ஆதலால், குறியாக்கம் செய்த, அதாவது கடவுச்சொல் இல்லாதவர்க்குப் பொருளற்ற எண்குவியலாகவே தெரியும் வட்டில் அதை வைப்பது முறையே. அத்தகைய வட்டில் வெளியே லினக்ஸின் லக்ஸ் போன்றதொரு குறியாக்கப் பூட்டும், உள்ளே எந்தக் கோப்பு எங்கே கிடக்கிறது என்ற கணக்கை வைத்திருக்கும் கோப்பமைப்பும் என இரண்டு அடுக்குகள் உண்டு. பூட்டைத் திறந்ததும் கருநிரல் ஒரு மெய்நிகர்ச் சாதனத்தை உண்டாக்கி அதற்கு 'டிஎம்-0' என்பதுபோல் பெயர் சூட்டி, கோப்பமைப்பு பற்றிய தன் புகார்களை அப்பெயரிலேயே எழுதுவதால், பேச்சு தம் வட்டைப் பற்றியது என்பதே உடையவர்க்கு விளங்குவதில்லை.

மின்தடையாலோ அவசரத்தாலோ வட்டு முறைப்படி விடுவிக்கப்படாமல் பிடுங்கப்பட்டால், அடுத்த முறை இணைக்கும்போது 'மீட்பு' என்ற சொல் திரையில் வந்து வெள்ள நிவாரணத்தின் பீதியைக் கிளப்புகிறது. நடப்பதோ, செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே எழுதிவைக்கும் ஜர்னல் என்னும் பதிவேட்டைப் பார்த்து, எக்ஸ்ட்4 கோப்பமைப்பு விட்ட வேலையை முடித்துக்கொள்வது மட்டுமே. பீதியடைந்தவர், திறந்த டிஎம் சாதனத்தை விட்டுவிட்டுப் பூட்டிய பகுதியின்மீதே சோதனைக் கட்டளையை ஏவினால், கோப்பமைப்பின் முகப்பேடாகிய சூப்பர்பிளாக்கின் 'மாய எண்' தவறு என்ற விடை கிடைக்கிறது. கோப்பமைப்பின் அடையாளமாகிய அந்த எண் பூட்டுக்குள் இருப்பதால் வெளியே தெரியாது என்ற எளிய செய்தியை, மாந்திரீகம் பலிக்கவில்லை என்ற தொனியில் அறிவித்தமைக்குத் தனிப் பாராட்டு உரியது.

இத்தனை அமளிக்கும் நடுவே, உண்மையான ஆபத்து மிகுந்த மரியாதையோடு வருகிறது. லக்ஸ் வட்டை விண்டோஸில் செருகினால், உள்ளே இருப்பதை அறியாத அது, பயன்படுத்தும் முன் வட்டை வடிவமைக்க வேண்டும் என்று கூறி, வடிவமைக்கலாமா என்றும் கேட்கிறது. கடவுச்சொல் நேரடியாகக் கோப்புகளைத் திறப்பதில்லை. வட்டின் தொடக்கத்திலுள்ள தலைப்பகுதியில் மறைத்து வைத்த மூலச்சாவியைத்தான் அது திறக்கிறது. வடிவமைப்பு அத்தொடக்கத்தை அழித்துவிட்டால், அதன் நகல் இல்லையேல், கடவுச்சொல் மனப்பாடமாக இருந்தும் ஒரு புட்டாவும் திரும்ப வராது. சாகும் வட்டுக்கு உபசார வார்த்தை, பிழைக்கும் வட்டுக்கு ஒப்பாரி என்ற இம்முறை எந்த அலுவலக நடைமுறையிலிருந்து பெறப்பட்டது என்பது ஆய்வுக்குரியது.

ஆகவே, அறியாத வட்டைக் கண்டால் 'இதில் என்ன உள்ளது எனத் தெரியவில்லை' என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கவும், ஜர்னல் வேலை முடித்ததை ஒரு வரியில் அடக்கமாகக் கூறவும், பூட்டு உருவாகும் அன்றே தலைப்பகுதிக்கு நகல் எடுத்து வேறிடத்தில் வைக்குமாறு நினைவூட்டவும் ஆவன செய்யக் கோரப்படுகிறது. நினைவூட்டலுக்குத் திரையில் இடம் போதாதெனில், மாய எண் குறித்த வாக்கியத்தை நீக்கிக்கொள்வதில் விண்ணப்பதாரர் தரப்புக்கு ஆட்சேபணை இல்லை.